எல்லோருக்கும் ஒரே வாக்குத்தத்தம்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் துணியை விளக்குக்குக் கீழே மேஜையில் விரித்துப் பார்ப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வீட்டிலும் எனக்கு அதே கண்தான். நானே வைத்த குழம்பாக இருந்தாலும் உப்பு கூடிவிட்டது என்று முதலில் சொல்வது நானாகத்தான் இருக்கும். போதகரின் பிரசங்கத்தைக்கூட விட்டுவைத்ததில்லை. போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்கிறார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவரிடம் புலம்புவேன். அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "ஏளா, கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கரக் கீழ வச்சிட்டு வரப்படாதா?" என்று சிரிப்பார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் சபை வேலம்பாளையத்தில் ஒரு குடோனுக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கீழே நூல் மூட்டைகள், மேலே நாங்கள். எங்களைப் போல் தெற்கேயிருந்து வந்தவர்கள் பாதி. இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம். ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள் கொஞ்சம். எல்லோரும் வந்தால் நூற்றைம்பது பேர் இருப்போம்.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்தம் எடுப்பது எங்களுக்குள் பெரிய விஷயம். கர்த்தர் மனிதனுக்குக் கொடுத்த வாக்குகளை, ஒரு அட்டைக்கு ஒரு வசனம் என்று எழுதிக் கூடையில் போட்டு ஒவ்வொருவரிடமும் நீட்டுவார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது அந்த வருஷத்துக்கு நமக்கென்று கொடுக்கப்பட்டது. பீரோ கதவிலோ சமையலறைச் சுவரிலோ ஒட்டி வைத்து, ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து அதைச் சொல்லி ஜெபிப்போம். பிடிக்காத வசனம் வந்தால் மற்றவர்கள் கண் மூடியிருக்கும்போதே திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுப்பவர்களும் உண்டு. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியம்மா, இந்த ஊர்க்காரர், அதில் கைதேர்ந்தவர். நான் கண்ணை முழுதாக மூடாததால் எனக்குத் தெரியும்.

அந்த அட்டைகளைப் பதினோரு வருஷமாக எழுதி வந்தது என் கணவர். விற்கும்போது துணியில் கட்டித் தொங்கவிடும் அட்டை இருக்கிறதே, அதில் கழித்துப் போட்டதைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வருவார். அதன் வெறும் பக்கத்தில் டிசம்பர் மாதம் முழுக்க உட்கார்ந்து எழுதுவார். அடுக்கடுக்காய் விரித்த துணியில் ஒரு நூல் பிசகாமல் மெஷினை ஓட்டும் கை. எழுத்தும் அப்படித்தான் இருக்கும்.

போன வருஷம் அவர் எழுதிய அட்டைகளில் ஒன்றே அவருக்கு வந்தது. போகிற வழியில் கால் தடுமாறாது என்ற பொருளில் ஒரு வசனம். பீரோவின் உள்கதவில் ஒட்டி வைத்தார். ஜூன் மாதத்தில் ஒரு காலை, கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய், வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அவருக்குச் சட்டை எடுக்க பீரோவைத் திறந்தேன். அந்த அட்டை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழித்தெடுத்துக் குப்பையில் போட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தமில்லை.

அந்த மாதங்களில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்தப் பெரியம்மா ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எல்லாஞ் சோதனைதானுங் கண்ணு, பொறுத்துக்கோணும்" என்றார். "உங்க வீட்டுக்காரருக்கு வந்தா இப்படித்தான் சொல்லுவீங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அடுத்த வாரமும் அவர் கஞ்சி கொண்டுவந்தார். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. சபையிலிருந்து ஆண்கள் வந்து, முறை வைத்து என் கணவரைத் தூக்கிக் குளிப்பாட்ட உதவுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். என் புருஷனைத் தூக்க எனக்குத் தெரியும் என்று ஒரு வீம்பு. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, பிறகு வேலைக்கு ஓட்டம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து மறுபடி ஒரு தூக்கு. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் செக்கிங் மேஜையில் நின்றேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

தீபாவளி வாக்கில் பேச்சு ஓரளவுக்குத் திரும்பியது, மெதுவாகத்தான். குச்சி ஊன்றி, என் தோளைப் பிடித்து வீட்டுக்குள் பத்தடி நடந்தார். டாக்டருக்குத் திருப்தி. எனக்குத்தான் திருப்தியில்லை. ஏனென்றால் அவர் ஜெபிப்பதை நிறுத்தியிருந்தார். சாயங்காலம் நான் ஜெபிக்க உட்கார்ந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கோயிலுக்கும் வரவில்லை. கோயிலுக்குப் போகக் குறுகலான பதினான்கு படிகள் ஏற வேண்டும். அவரால் ஒன்றுகூட முடியாது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று போதகர் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்.

"துணிக்கட்டு மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போகாண்டாம்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படிக்கு மேலே நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்றவர் அவர். அதே படியில், அதே ஆட்கள் பார்க்க, வாயோரம் எச்சில் வழியத் தூக்கப்பட்டுப் போக அவருக்கு மனமில்லை. எனக்கு அது புரிந்தது. ஆனாலும் பயமாக இருந்தது. இப்படியே புது வருஷத்துக்குள் போய்விட்டால் இந்த மனிதர் சுவரைப் பார்த்தபடியே இருந்துவிடுவார், பிறகு என்னால் திருப்ப முடியாது என்று தோன்றியது. கை கால் வராமல் போனால் போகட்டும், புத்தாண்டு அன்றைக்கு அவர் கோயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே எனக்கு வேண்டியிருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் போதகர் வீட்டுக்கு வந்தார். வாக்குத்தத்தங்களுக்கு என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எழுத ஆளு இல்ல ஐயா," என்றார் என் கணவர் கட்டிலிலிருந்து. "வசனமும் வேண்டாம். எழுதுனவனுக்கே பலிக்கல."

போதகர் அவருடைய இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, எதையாவது சொல்லியிருந்தால் நான் அவரையும் அனுப்பியிருப்பேன். வாசல் வரை போய், "நான் பார்த்துக்கிடுதேன் ஐயா. இந்த வருஷம் லேபிள்ல அடிச்சிருவோம்" என்றேன்.

துணியின் உள்பக்கத்தில் தண்ணீரில் எப்படித் துவைப்பது என்று எழுதி, ரிப்பன் துண்டு மாதிரி ஒரு லேபிள் தைத்திருப்பார்கள். எத்தனை முறை துவைத்தாலும் எழுத்து அழியாது. அதில் வசனத்தை அச்சடித்தால் அழகாக இருக்கும், கிழியவும் கிழியாது. போதகர் முப்பது வசனங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஐந்து, ஆக நூற்றைம்பது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், செக்கிங் செய்தேன். என் கணவருக்கு இதில் எது வரலாம், எது வரவே கூடாது என்று ஒவ்வொன்றாகப் போனேன். கால் தடுமாறாது என்பதை முதலில் கழித்தேன். நோய் அணுகாது என்பதையும் கழித்தேன். அணுகி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சம்பத்து பெருகும், வேண்டாம், வேலைக்குப் போக முடியாதவர் கையில் அது கிண்டலாக இருக்கும். பகைவர்கள் வெட்கப்பட்டுப் போவார்கள் என்று ஒன்று. அவருக்குப் பகைவரே கிடையாது, எனக்குத்தான் உண்டு, அவர்களும் இதே சபைதான். நினைத்தது கைகூடும், இல்லை. ஒரு வருஷத்துக்குள் பொய்யாகிப்போக வாய்ப்புள்ள எதுவும் அவர் கைக்குப் போகக் கூடாது என்று நான் முடிவுசெய்திருந்தேன். இன்னொரு முறை ஏமாந்தால் அவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் நானும் தாங்கமாட்டேன்.

கடைசியில் ஒன்றுதான் தேறியது. வயதாகி முடி நரைத்தாலும் கர்த்தர் தூக்கிச் சுமப்பார் என்கிற வசனம். வயதாகாது என்று அது சொல்லவில்லை. நடப்பாய், ஓடுவாய் என்றும் சொல்லவில்லை. முடியாமல் போகும், அப்போது தூக்குவேன் என்கிறது. எப்படிப் புரட்டிப் பார்த்தும் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை. சபைக்கு முப்பதும் இருக்கட்டும், அவருக்கு இதுதான் என்று முடிவுகட்டினேன். கூடை வரும்போது என் கைக்குள் மறைத்து வைத்திருந்து அவர் விரலில் வைத்துவிடலாம். திருட்டுத்தனம்தான். கர்த்தருடைய கூடையிலேயே கைவரிசை காட்டத் துணிந்தேன் என்றால் நான் எந்த நிலையில் இருந்தேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிள் அடிப்பவர் எங்கள் கம்பெனிக்குப் பல வருஷமாகச் செய்து கொடுக்கும் ஒரு பாய். விஷயத்தைச் சொன்னதும், "சாமி காரியமுங்க்கா, நல்லாப் பண்ணிக் குடுக்கறனுங்க. மொதல்ல ஒரு பீஸ் போட்டு அனுப்பறேன், நீங்க பாத்து ஓகேன்னு சொல்லுங்க, அப்பறம் மெஷின ஓட்டிர்றேன்" என்றார். எல்லா வேலைக்கும் அதுதான் முறை. மாதிரியை ஒப்புக்கொண்டால்தான் மொத்தமும் ஓடும். என் கணவருக்கான வசனத்தையே மாதிரிக்குக் கொடுத்தேன். அதில் எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று நானே பார்க்க வேண்டும் என்பதற்காக. மற்ற இருபத்தொன்பதும் உள்ள தாளை நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னேன்.

நாளைக்கு என்பது வரவேயில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் ஒரு ஷிப்மென்ட் நெருக்கியது. இரண்டு நாள் என் கணவருக்குக் காய்ச்சல் வேறு. பாய் மாதிரியைப் படம் எடுத்து போனில் அனுப்பினார். ஒரு கையில் கஷாயத்தை வைத்துக்கொண்டு மறு கையால் எழுத்தெழுத்தாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுதில்லை. 'ஓகே, நூற்றைம்பது போடுங்க' என்று அனுப்பினேன். தாளைக் கொடுத்துவிட்டதாகவே என் மனதில் பதிந்துவிட்டது. அது என் சாப்பாட்டுப் பையின் அடியில் கிடந்தது.

டிசம்பர் கடைசி நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, நான் அவரிடம் சண்டை போட்டேன். கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது, அழுது பார்க்க எனக்குப் பழக்கமில்லை. "நீங்க வரலன்னா நானும் போகல. ரெண்டு பேரும் இங்க உக்காந்து சுவரப் பாப்போம்" என்றேன். பிறந்ததிலிருந்து ஒரு புத்தாண்டு ஆராதனையும் நான் தவறவிட்டதில்லை என்று அவருக்குத் தெரியும். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கீழ வரைக்கும் வாரேன். மேல தூக்கப்படாது. யாரும் கேக்கவுங் கூடாது."

எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. சபைக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் குடோன் ஷட்டருக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தருகிறோம், அண்ணன் கீழேயே உட்கார்ந்து கேட்கட்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் பாய் ஆள் மூலம் லேபிள்களைக் கொடுத்தனுப்பினார். கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு, மடித்து ஒட்டிய கவர். தனியாக ஒரு சின்னக் கவரில் அந்த மாதிரி லேபிள். சின்னக் கவரை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெரிய கவரைக் கூடையில் வைத்தேன். பதினாறு வருஷத்தில் பிரித்துப் பார்க்காமல் நான் பாஸ் செய்த ஒரே கட்டு அதுதான். அவர் வருகிறார் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

மற்ற சபைகளில் நள்ளிரவில் ஆராதனை. எங்களில் பலர் நைட் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் என்பதால் எங்களுக்குக் காலை ஆறரை மணி. ஆட்டோவில் அவரைக் கூட்டிப்போய்ப் படிக்குக் கீழே நாற்காலியில் உட்காரவைத்தேன். பனி. காதில் மப்ளர் சுற்றியிருந்தேன். படியேறப் போன ஒவ்வொருவரும் நின்று அவர் இடது கையைக் குலுக்கி, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னபடி ஒருவர்கூட மேலே வாருங்கள் என்று கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சுப்போடுங்க சாமி" என்றார். நானும் கீழேயே இருக்கிறேன் என்றேன். "கூடை யாரு புடிக்கது? நீ போ" என்று என் கணவர் என்னை விரட்டினார்.

மேலே பாட்டு, ஜெபம், பிரசங்கம். போதகர் அன்றைக்கு நன்றாகவே பேசினார், என்னால் குறை சொல்ல முடியவில்லை. பிறகு கட்டுகளைப் பிரித்துக் கூடையில் கொட்டினார்கள். கூடை சுற்றி வந்தது. சபை ஒழுங்குப்படி எல்லோரும் எடுத்து முடித்த பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். விரும்பியவர்கள் மைக்கில் வாசிப்பார்கள். சின்னக் கவர் என் கைப்பையில் இருந்தது. வாசிப்பு முடிந்ததும் கூடையோடு கீழே இறங்கிப் போவதாகத் திட்டம்.

முதலில் முன்வரிசையில் ஒரு அண்ணன் எழுந்து மைக்கை வாங்கி வாசித்தார். வயதாகி முடி நரைத்தாலும் சுமப்பேன் என்ற அதே வசனம். ஐந்து பேரில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஒரு அக்கா. அதே வசனம். சின்னச் சிரிப்பு எழுந்தது. மூன்றாவதாக ஒடிசாக்காரர் ஒருவர். எங்கள் கம்பெனியில் துணி ரோல் சுமப்பவர். தமிழ் வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் இருந்தவர் வாசித்துக் காட்டினார். அதேதான். சாப்பாட்டுப் பையின் அடியில் நாலாக மடித்த தாள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எனக்கும் அதேங்க!" "எங்கூட்டுக்காரருக்கும் அதேதானுங்க!" என்று நாலாபக்கமும் குரல். அதற்குள் பெரியம்மா எழுந்து நின்றார். "அதெப்படீங்க? நானு மூணு தடவ மாத்தி எடுத்தனுங்க. மூணும் இதேதான்!" என்று கத்திவிட்டு, என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோயிலே சிரித்தது. போதகர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மைக் கைமாறி என்னிடம் வந்தது.

நான் எழுந்து நின்றேன். மழுப்பியிருக்கலாம். பாய் தவறாக அடித்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அது அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம். "தப்பு என்னோடதுதான்" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பட்டியலைக் கொடுக்க மறந்ததைச் சொன்னேன். மாதிரிக்குக் கொடுத்த வசனம் இது ஒன்றுதான் என்று சொன்னேன். "இது உங்களுக்காக எடுத்தது இல்ல. அவிகளுக்காக எடுத்தது. திருட்டுத்தனமா அவிக கையில வைக்கலாம்னு இருந்தேன். மத்த எந்த வசனத்தையும் எனக்கு நம்ப முடியல. போன வருஷம் வந்தத நான் கிழிச்சுப் போட்டுட்டேன். இந்த ஒண்ணத்தான் நம்ப முடிஞ்சுது" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

போதகர் மைக்கை வாங்கிக்கொண்டு, "சரிம்மா. இந்த வருஷம் எல்லாருக்கும் இதுவே இருக்கட்டும். எனக்கும் இதுதான் வந்திருக்கு" என்று தன் லேபிளைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

உட்காரப் போன பிறகுதான் கீழே தொங்கிய ஸ்பீக்கர் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. நான் பேசியதெல்லாம் மைக்கில். ஒரு வார்த்தை விடாமல் அவர் கேட்டிருப்பார். அவரை ஏமாற்றப் பார்த்தேன் என்பதை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததை, ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன். கைப்பையைக்கூட எடுக்காமல், கூடையில் மீந்திருந்த ஒரு லேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். காலி டம்ளர் மடியில் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எதையெல்லாம் கழிச்ச?"

"நெறைய."

"எனக்குப் போன வருஷம் வந்தத?"

"அதத்தான் மொதல்ல கழிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை. என் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தேன். அதற்கும் சிரித்தார். எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஏழு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்.

அதற்குள் படியில் சபை ஆண்கள் நாலு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நாலு பேரும் கடைசிப் படியில் வரிசையாக நின்று, ஒன்றும் கேட்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒடிசாக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அண்ணா, டெய்லி ரோல் தூக்குது நான். நீ வெயிட்டே இல்லே" என்றார்.

என் கணவர் அவர்களைப் பார்த்தார். பிறகு படிகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"சரி, தூக்குங்கலே. ஆனா காலு முன்னால போகப்படாது. நான் இன்னும் சாகல."

நாற்காலியின் நாலு காலையும் நாலு பேர் பிடித்தார்கள். தூக்கப் போகும்போது அவர் இடது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நான் அந்த லேபிளை அவர் சட்டைப் பையில் வைப்பதற்காக நீட்டினேன். வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக வாசித்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மடக்கினார்.

"இது எனக்கு இல்ல," என்றார். "என்னைத் தூக்க நீ இருந்த. ஏழு மாசமா ஒன்னைத் தூக்க யாரு இருந்தா? இடுப்புல பெல்ட்டுக் கட்டிட்டு அலையிதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ வச்சுக்கோ."

அவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் தாழ்கிறது என்று அவர் குறை சொல்லிக்கொண்டே போனார். நான் முதல் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, அட்டையைக் கிழித்த அன்று அழவில்லை. இப்போது விம்மி விம்மி, குடோன் காவல்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். அழ அழ நன்றாக இருந்தது. மேலே நாற்காலியை இறக்கி வைக்கும் சத்தமும், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் கேட்டன. ஸ்பீக்கர் பெட்டி ஒருமுறை கரகரத்தது. யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏளா," என்றது அவர் குரல், தெரு முழுக்கக் கேட்க. "நீயா வாரியா, இல்ல தூக்கிட்டு வர நாலு பேர அனுப்பட்டா?"